வேலிக்கொடி வயலுக்கு வந்த கதை

ஆடி மழைக்கு முள்வேலியில் துளிர்த்து, இலை நுனியையே சுருட்டிக் கொம்பைப் பிடித்து ஏறும் கொடி ஒன்று உண்டு. பூ முதலில் மஞ்சளாக விரிந்து, நாள் போகப்போக நெருப்பாய்ச் சிவக்கும். ஏர்க்கலப்பை மாதிரி கிழங்கு, அதனால் கலப்பைக்கிழங்கு. கண்வலிக்கிழங்கு என்றால் ஒத்தக்கடைப் பக்கம் சட்டென்று விளங்கும். புலவர்களுக்கு இது செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பதே இதுதான். இன்றைக்குத் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

நம் பாட்டன்மார் கிழங்கை அரைத்துத் தேள்கடிக்குப் பூசினார்கள். பேன் ஒழியத் தலையில் தேய்த்தார்கள். பிரசவம் தாமதமானால் தொப்புளில் பற்றுப் போட்டதும் உண்டு. இப்போது யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். சித்த வைத்தியர்கள்கூட கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார்கள்.

விஷயம் எங்கே திரும்பியது என்றால், ஐரோப்பாவில். யூரிக் அமில மூட்டுவலிக்கு அங்கே வேறொரு செடியின் கிழங்கைக் கொடுத்து வந்தார்கள். 1820ல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அதிலிருந்து கோல்ச்சிசின் என்ற சத்தைப் பிரித்தார்கள். அதே சத்து நம் வேலிக்கொடியிலும் இருப்பது பின்னால் தெரிந்தது. கிழங்கைவிட விதையில் அதிகம். 1937ல் அமெரிக்காவில் ஊமத்தைச் செடிக்கு இதைக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார்கள். விதையில்லாத் தர்பூசணி பிறந்ததும் இந்த வழியில்தான்!

அப்புறமென்ன, கிராக்கி வந்தது. காட்டில் தோண்டித் தோண்டிக் கிழங்கு அருகிப்போச்சு. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கம்பியும் முள்ளும் கட்டி வயலிலேயே ஏற்றிவிட்டார்கள். சூலகத்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் காய் சரியாகப் பிடிக்காது. காலையில் பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கணும். ஆள்கூலி அதிலேயே போகும். விதை விலையும் ஒரு வருஷம் ஏறும், மறுவருஷம் விழும். வாங்குகிறவரைப் பேசி வைக்காமல் நடவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

விதை மூட்டையைத் தானியத்தோடு அடுக்காதீர்கள். காலிச் சாக்கில் அரிசி போடாதீர்கள். இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும். அது நின்றதும் சரியாப்போச்சு என்று இருந்துவிடக் கூடாது. ரத்தமும் சிறுநீரகமும் அப்புறம்தான் கெடும். முறிவு மருந்து கைவசம் கிடையாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள், மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு.