கட்டிடங்களில் கறையான் கட்டுப்பாடு

கட்டிடங்களில் கறையான் கட்டுப்பாடு என்பது வீடுகள், நூலகங்கள், கிடங்குகள் முதலியவற்றைக் கறையான்கள் அரிக்காமல் தடுப்பதற்கும், ஏற்கெனவே புகுந்தவற்றை அழிப்பதற்கும் மேற்கொள்ளப்படும் முறைகளைக் குறிக்கும். கறையான் தமிழில் செல், சிதல் எனவும் வழங்கப்படுகிறது. 'செல்லரித்தல்' என்னும் வழக்கு இதிலிருந்து வந்ததாகும். பழந்தமிழ் ஓலைச்சுவடிகள் பல செல்லரித்து அழிந்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் எதிர்கொண்ட இடர்களுள் இதுவும் ஒன்று.

உயிரியல்

கறையான்கள் அரசி, அரசன், வேலைக்காரர், படைவீரர் என்னும் பிரிவுகளுடன் கூட்டமாக வாழும் பூச்சிகள். முன்பு இவை தனி வரிசையாகக் கருதப்பட்டன. 2007இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின் கரப்பான் பூச்சி வரிசைக்குள் சேர்க்கப்பட்டன. மரம், தாள், பருத்தி ஆகியவற்றில் உள்ள செல்லுலோசே இவற்றின் உணவு. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையுடன் இவை அதனைச் செரிக்கின்றன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் புற்றெழுப்பும் சில இனங்கள் புற்றினுள் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன.

சேத அடிப்படையில் இரு வகைகள் முதன்மையானவை.

மண்ணடிக் கறையான்: மண்ணில் கூடமைத்து, அங்கிருந்து கட்டிடத்துக்குள் வருவது. இதன் உடல் மென்மையானது. விரைவில் ஈரமிழக்கக் கூடியது. ஆகவே சுவரில் மண்குழாய் கட்டி அதனுள்ளேயே நடமாடும்.

உலர்மரக் கறையான்: மண்ணுடன் தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே சிறு கூட்டமாக வாழ்வது.

அறிகுறிகள்

கறையான் மரத்தின் உட்பகுதியைத் தின்று மேற்பரப்பை மெல்லிய தோல்போல விட்டுவிடும். இதனால் சேதம் நெடுங்காலம் வெளியே தெரிவதில்லை. பின்வருவன பொதுவான அறிகுறிகள்:

* சுவர், நிலைக்கால், அலமாரியின் பின்புறம் ஆகியவற்றில் மண்குழாய்கள்
* தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் மரம்
* வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்புதல், உதிர்ந்த இறகுகள்
* மரத்தின் கீழே ஆறு பக்கங்கள் கொண்ட நுண்ணிய எச்சத் துகள்கள் (உலர்மரக் கறையான்)

மண்குழாயை உடைப்பதாலோ மண்ணெண்ணெய் ஊற்றுவதாலோ தீர்வு கிடைக்காது. கண்ணில் படும் வேலைக்காரக் கறையான்கள் மட்டுமே இறக்கும். அரசியும் கூடும் மண்ணுக்குள் எஞ்சியிருப்பதால் குழாய் மீண்டும் கட்டப்படும்.

கட்டுமானத்தின்போது தடுத்தல்

இந்தியாவில் இப்பணிக்கு ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர நிர்ணயம் வழிகாட்டுகிறது. அடித்தளக் குழியின் அடியும் பக்கங்களும், தரைக்குக் கீழ் நிரப்பும் மண்ணின் மேற்பரப்பும் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் மருந்துக் கரைசலால் நனைக்கப்படுகின்றன. கட்டிடத்துக்கும் கறையான் கூட்டுக்கும் இடையே இடைவெளியற்ற மருந்து வளையம் அமைப்பதே நோக்கம். ஒரு பகுதி விடுபட்டாலும் அவ்வழியே கறையான் நுழையும். ஆதலால் தெளித்த மண்ணைப் பின்னர் தோண்டினால் அவ்விடத்தில் மீண்டும் தெளிக்க வேண்டும்.

ஆத்திரேலியாவில் துருப்பிடிக்காத எஃகு வலையும், அவாயில் அளவாக உடைத்த எரிமலைக் கற்துகளும் வேதிப்பொருளற்ற தடுப்புகளாகப் பயன்படுகின்றன.

குடியிருக்கும் கட்டிடங்களில்

சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டர் இடைவெளியில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் இட்டு, மருந்து செலுத்தி, துளைகள் அடைக்கப்படுகின்றன. மரப்பகுதிகளில் சிறு துளைகள் வழியாக மருந்து ஏற்றப்படுகிறது. பைபென்திரின் கறையானை அணுகவிடாமல் விரட்டும். இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் ஆகியவற்றைக் கறையான் உணர்வதில்லை. அவை உடலில் ஒட்டி மற்றக் கறையான்களுக்கும் பரவுகின்றன.

1990களின் நடுவில் ஐக்கிய அமெரிக்காவில் இரைமுறை சந்தைக்கு வந்தது. எக்சாபுளுமுரோன் போன்ற, தோலுரித்தலைத் தடுக்கும் பொருள் கலந்த இரை நிலத்தில் பதிக்கப்படுகிறது. வேலைக்காரக் கறையான்கள் இதனைக் கூட்டுக்குக் கொண்டு சென்று பிறவற்றுக்கு ஊட்டுவதால், சில மாதங்களில் கூடே அழியக்கூடும்.

உலர்மரக் கறையானுக்கு மண் சிகிச்சை பயனற்றது. மரத்துக்குள் மருந்தேற்றல், வெப்பமூட்டல், நச்சுப்புகையிடல் ஆகியனவே உதவும். எனவே வகையை அறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

வேதிப்பொருட்களும் பாதுகாப்பும்

ஆல்டிரின், குளோர்டேன், எப்டாகுளோர் ஆகியன முன்பு பரவலாகப் பயன்பட்டன. மண்ணில் பல்லாண்டுகள் சிதையாமல் நிற்கும் தன்மையே இவற்றின் பயனுக்கும் தீங்குக்கும் காரணமாயிற்று. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இவற்றுக்கு மாற்றாக வந்த குளோர்பைரிபாஸ் நரம்பு மண்டலத்தைப் பாதிப்பது. அதுவும் 2025இல், சில விலக்குகளுடன், அவ்வுடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது.

கிணறு, நிலத்தடி நீர்த்தொட்டி ஆகியவற்றின் அருகே மருந்து செலுத்துவது குடிநீரை நஞ்சாக்கக்கூடும். பணியாளர்கள் கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். மருந்தின் பெயர், செறிவு, அளவு ஆகியவற்றை வீட்டார் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

வீட்டார் செய்யக்கூடியவை

* நீர்க்கசிவுகளைச் சரிசெய்தல்
* விறகு, பழைய தாள், அட்டைப்பெட்டி ஆகியவற்றைச் சுவரோடு அடுக்காதிருத்தல்
* மரப்பகுதிகள் மண்ணைத் தொடாதவாறு அமைத்தல்
* தேக்கின் வைரப்பகுதி போன்ற எதிர்ப்புள்ள மரங்களைப் பயன்படுத்தல்
* ஆண்டுதோறும் சோதித்தல்

சூழலியல் பங்கு

அறியப்பட்ட சுமார் 3,000 கறையான் இனங்களில் ஒரு சிறு பகுதியே கட்டிடங்களுக்குத் தீங்கு செய்கிறது. ஏனையவை உலர்ந்த மரத்தையும் சருகையும் சிதைத்து மண்ணுக்கு ஊட்டமளிக்கின்றன. பறவைகள், எறும்புண்ணிகள், கரடிகள் போன்றவற்றுக்கு உணவாகவும் அமைகின்றன. ஆகவே கட்டிடத்தைக் காப்பதே இம்முறைகளின் எல்லை. வயல்வெளிப் புற்றுகள் அனைத்தையும் அழிப்பது தேவையற்றது.

இவற்றையும் பார்க்க

* கறையான்
* ஈசல்
* ஓலைச்சுவடி
* பூச்சிகொல்லி