மேசை மேல் ஏறிய சி.என்.சி.



போன வாரம், தங்கை பேரன் மேசை மேல் பூட்டிக்கொண்டிருந்த சின்ன சி.என்.சி. மிஷினின் படத்தைப் போட்டிருந்தேன். "மாமா, இது 3டி பிரிண்டரா?" என்று ஒருவர். "ரிட்டயர்டு ஆனப்புறமும் சும்மா இருக்க மாட்டீங்களா சார்?" என்று இன்னொருவர். அதற்கெல்லாம் அங்கேயே பதில் போட்டாயிற்று. ஆனால் என்னிடம் கணக்குப் படித்துவிட்டுப் போய், முப்பது வருடம் லேத்திலும் மில்லிங்கிலும் நின்ற ஒரு மாணவர் எழுதியது மனதிலேயே நின்றுவிட்டது. "இந்த மிஷின் வந்த பிறகுதான் சார் எங்க கைக்கு மதிப்பு போச்சு." இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பையன் வாங்கியது 3018 என்று விற்கிற வகை. 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் இடத்தில் வேலை செய்யும் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். மரம், அக்ரிலிக், சர்க்யூட் போர்டு செதுக்கலாம். இரும்புப் பக்கம் போகக் கூடாது. பெட்டியைத் திறந்தால் அலுமினியச் சட்டங்கள், மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு ஸ்பிண்டில் மோட்டார், உள்ளங்கை அளவு போர்டு, ஒரு பை நிறைய ஸ்க்ரூ. கூடவே 8 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று மரைத் தண்டுகள். பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் மிஷினின் உயிர் அந்தத் தண்டில்தான் இருக்கிறது. தண்டு ஒரு சுற்று சுற்றினால் அதில் கோத்த பித்தளை நட்டு 4 மில்லிமீட்டர் நகரும். சுற்றை நீளமாக மாற்றுகிற இந்த வித்தையை நம்பகமாகச் செய்து காட்டியவர் லண்டனில் பட்டறை வைத்திருந்த ஹென்றி மாட்ஸ்லே. 1800-ஐ ஒட்டிய வருடங்களில் அவர் கட்டிய மரை வெட்டும் லேத்தில், வெட்டும் உளியைத் தொழிலாளியின் கை பிடிக்கவில்லை. ஒரு தண்டு அதை நகர்த்தியது. கையிலிருந்து வேலை நழுவத் தொடங்கியது அன்றைக்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தண்டை எவ்வளவு சுற்றுவது என்று தீர்மானிக்க ஆள் வேண்டுமே? அந்த ஆளின் இடத்துக்கு எண் வந்து உட்கார்ந்த கதை அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் நடந்தது. ஜான் பார்சன்ஸ் என்பவரின் கம்பெனி ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தது. இறக்கையின் வளைவுக்கு வாடிக்கையாளர் கொடுத்தது 17 புள்ளிகள் மட்டும். அவற்றைக் கையால் வளைகோடு போட்டு இணைத்து, அதை வைத்து அச்சுத் தகடு வெட்ட வேண்டும். பார்சன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர், கணக்குப்பிள்ளைகள் பயன்படுத்திய ஐ.பி.எம். துளை அட்டை இயந்திரத்தில் 17 புள்ளியை 200 புள்ளியாகப் பெருக்கினார். வெட்டும் கருவிக்கும் தடிமன் உண்டல்லவா? அதன் ஆரத்தை ஒவ்வொரு புள்ளியிலும் தள்ளிவைத்தே கணக்குப் போட்டார்.

துளை அட்டை என்றதும் காஞ்சிபுரம் பக்கத்து உறவுகளுக்குத் தறி மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டி ஞாபகம் வந்திருக்கும். சரியான ஞாபகம். பிரான்சில் ஜக்கார்டு 1804-ல் தறிக்குச் செய்த ஏற்பாடு அது. ஓட்டையில் தகவலை வைக்கும் அதே யோசனையில்தான் ஹாலரித், 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை அட்டைகளில் எண்ணினார். அவருடைய கம்பெனி பிறகு ஐ.பி.எம்.முக்குள் போய்ச் சேர்ந்தது.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த 200 புள்ளிகளை உலோகத்தில் எப்படி இறக்கினார்கள் தெரியுமா? ஒரு தொழிலாளி பட்டியலைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். எக்ஸ் கைப்பிடியில் ஒருவர், ஒய் கைப்பிடியில் ஒருவர். இருவரும் சொன்ன இடத்துக்குச் சுழற்றி நிறுத்துவார்கள். கருவி இறங்கி ஒரு துளி வெட்டும். பிறகு அடுத்த எண். கடைசியில் விளிம்பை அரத்தால் ராவி வழுவழுப்பாக்கிவிடுவார்கள். வகுப்பில் நான் வாய்பாடு சொல்லச் சொல்ல நீங்கள் பலகையில் எழுதினீர்களே, ஏறக்குறைய அதே மாதிரி. மூன்று மனிதர்கள் சேர்ந்து ஒரு சி.என்.சி.

அந்த மூவரின் இடத்தில் மோட்டாரை வைக்கலாம் என்று பார்சன்ஸ் யோசித்தார். 1949-ல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நுட்பத்துக்காக அவர் எம்.ஐ.டி.யை நாடினார் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்). கொஞ்ச காலத்தில் திட்டமே அவர் கையை விட்டு எம்.ஐ.டி. கைக்குப் போய்விட்டது. 1952-ல் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஒரு பெரிய சின்சினாட்டி மில்லிங் மிஷின் தானே ஓடியது. அதை ஓட்டிய மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு நூற்றுக்கணக்கான வால்வுகள் தேவைப்பட்டன. 1958-ல் காப்புரிமை பார்சன்ஸுக்குக் கிடைத்தது. அவருக்கும் ஸ்டூலனுக்கும் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் வந்து சேர 1985 ஆயிற்று.

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு வருகிறேன். இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. அனுபவமுள்ள தொழிலாளி ஒருமுறை கையால் வெட்டிக் காட்டுவார். அவர் அசைவை மிஷின் நாடாவில் பதிந்துகொண்டு அப்படியே திரும்பச் செய்யும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 1940-களில் இதைச் செய்தும் பார்த்தது. டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984-ல் எழுதிய புத்தகத்தில், அந்த வழி ஓரங்கட்டப்பட்டதற்கு நுட்பம் மட்டும் காரணமில்லை என்கிறார். வேலையின் அறிவு பட்டறையில் தொழிலாளியிடம் இருப்பதை நிர்வாகம் விரும்பவில்லை, அதை மாடியிலுள்ள அலுவலகத்துக்குக் கொண்டுபோக விரும்பியது என்பது அவர் கட்சி. எனக்கு இது பாதி சரி என்று படுகிறது. விமானத்தின் வளைவுகளைக் கணக்கில்லாமல் யார் கையாலும் முதல் தடவை வெட்டிக்காட்ட முடியாது. அங்கே எண் தேவைதான். ஆனால் எண்ணை எழுதுகிறவரும் கைப்பிடியைப் பிடித்தவரும் வேறு வேறு ஆட்களாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அது முதலாளிகள் எடுத்த முடிவு. ஆக, தம்பி, உன் மனக்குறை வெறும் புலம்பல் இல்லை. அதற்கு வரலாறு உண்டு.

அந்தப் பிரிவு மேசை மேல் வந்ததும் மறைந்துவிடுகிறது. 1990-களில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதியது. அரசு எழுதியதற்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனதால், அது இன்றைய லினக்ஸ்சி.என்.சி.யாக வளர்ந்தது. 2009-ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் ஜி.ஆர்.பி.எல். என்ற நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஆர்டுயினோ போர்டின் சிப்பில் நிரலுக்கான நினைவிடம் 32 கிலோபைட். அதற்குள் அடங்குகிற நிரல்! அலமாரி அலமாரியாக வால்வுகள் செய்த வேலையை இன்று பையனின் போர்டு செய்கிறது. அதற்கு அவன் அனுப்புவது "ஜி1 எக்ஸ்50 எஃப்300" மாதிரி வரிகள். நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில், எக்ஸ் 50-க்கு நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ என்று அர்த்தம். வாசிப்பவரும் அவனே, கைப்பிடியும் அவனே.

சரி, பூட்டினால் போதுமா? சட்டம் சதுரமாக நின்றால்தான் வட்டம் வட்டமாக வரும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தான்; பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பார்க்கச் சொன்னேன். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். ஒன்பதாம் வகுப்புத் தேற்றம், தூங்கியவர்கள் இப்போது படித்துக்கொள்ளுங்கள். 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, மூலைமூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். அடுத்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று போர்டுக்குச் சொல்ல வேண்டும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, ஒவ்வொரு படியும் 16 கூறு, 3200. அதை 4-ஆல் வகுத்தால் 800. கருவி மாட்டாமல் பேனாவைக் கட்டி 100 மில்லிமீட்டர் கோடு போட்டுப் பார்த்தான். சரியாக 100.

ஆனால் வட்டம் போடச் சொன்னால் நான்கு இடத்தில் சின்னதாகத் தட்டை விழுகிறது. திசை மாறும்போது நட்டில் ப்ளே இருக்கிறது. நட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டுதான், இருந்தும் ஆடுகிறது. ரொம்ப இறுக்கினால் மோட்டார் திணறிப் படியைத் தவறவிடுகிறது. எவ்வளவு இறுக்குவது என்பதற்கு எந்தத் தாளிலும் எண் போடவில்லை.

லேத்தில் நின்ற தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன். தண்டை விரலால் சுற்றும்போது எந்த அளவு கனம் தெரிந்தால் நிறுத்த வேண்டும்? பையன் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான். உனக்குச் சௌகரியப்பட்டால் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வா. மற்றவர்களும் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள்.