எஸ்காம்: விருதுக்கும் இருட்டுக்கும் நடுவே

தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனம் எஸ்காம். 2001-ல் உலகின் சிறந்த மின் நிறுவனம்னு விருது வாங்கியது. 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே வேலையை நிறுத்தும் அளவுக்கு மின்வெட்டு. நடுவில் ஏழே வருஷம்!

புது மின்நிலையம் கட்டாததுதான் காரணம் என்பார்கள். சரிதான். 2007 வாக்கில் உபரி மின்சாரம் தீர்ந்துவிடும்னு 1998 வெள்ளை அறிக்கையே எச்சரித்திருந்தது. ஆனால் பிறகு உலக வங்கிக் கடனோடு மெடுப்பி வந்தது, குசிலேவும் வந்தது. அப்புறமும் 2023-ல் முந்நூறு நாளுக்கு மேல் மின்வெட்டு ஏன்?

பராமரிப்பைத் தள்ளிப்போட்டு பழைய நிலையங்களை ஓட்டியது ஒன்று. அவற்றை அறிந்த ஆட்கள் போனது இன்னொன்று. சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். கறுப்பின மக்களுக்குத் தொழில்நுட்பக் கல்வியை நிறவெறி ஆட்சி மறுத்திருந்ததால், அடுத்த வரிசையில் அனுபவசாலிகள் குறைவு. வேலைகளை எல்லோருக்கும் திறந்தது நியாயமே. மூத்தவர் பக்கத்தில் நின்று இளையவர் பழகுவதற்கான காலத்தைத்தான் யாரும் திட்டமிடவில்லை என்பது என் கணிப்பு.

2022-ல் முன்னாள் நிபுணர்களின் பட்டியலை எஸ்காம் ஒரு தொழிற்சங்கத்திடம் கேட்டு வாங்கியது. போனவர்களின் மதிப்பு அப்போதுதான் புரிந்தது போல.