14க்கு 14: சிலாங்கூரின் நூலிழை முடிவுகளும் நகர்ந்த எல்லையும்

மலேசியாவில் மாநில ஆட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சிலாங்கூரில் சட்டமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று சுல்தான் கருதுபவரே மந்திரி பெசார். ஆகவே நூலிழை வெற்றி இங்கே தொகுதிகளின் கூட்டலில்தான் தெரியும். அந்தக் கூட்டல் எந்த எல்லைக்குள் போடப்படுகிறது? வாக்காளர்களின் மகிழ்ச்சியையும் கோபத்தையும் மட்டும் பதிவு செய்யும் தேர்தல் ஆய்வு இந்தக் கேள்வியைத் தவறவிடுகிறது. சிலாங்கூரில் நெருக்கமான முடிவுக்கு அதிகாரத் தரப்பு காட்டிய எதிர்வினை வரைபடத்திலேயே பதிந்திருக்கிறது என்பது என் வாதம்.

1969 மே 10 தேர்தலில் சிலாங்கூரின் 28 இடங்களில் ஆளும் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்புக்கு 14: ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) 9, கெராக்கான் 4, சுயேச்சை 1. கோலாலம்பூர் அப்போது மாநிலத் தலைநகர். அடுத்த இரு நாள்களும் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் நகர வீதிகளில் ஊர்வலம் போனார்கள். மே 13 மாலை, கம்போங் பாருவில் மந்திரி பெசார் ஹருன் இட்ரிஸின் இல்லத்தில் ஆளும் கூட்டணியின் அம்னோ கட்சி ஆதரவாளர்கள் திரண்டார்கள். பின் நடந்த இனக்கலவரத்தை நாடறியும். அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் 196 உயிர்கள். 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் கூடவில்லை.

கலவரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். 1974 பிப்ரவரி 1 அந்த அளவு கவனம் பெறவில்லை. அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. 1969இல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளிக்கு இரண்டு வாக்குச்சீட்டுகள் உண்டு: ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றது மாநிலத்துக்கு. 1974 ஆகஸ்டு தேர்தலில் அவர் கைக்கு ஒன்றுதான் வந்தது. நகராட்சித் தேர்தல் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. எதிர்க்கட்சிகளுக்கு வலுவான நகர வாக்குகள் சிலாங்கூரின் கூட்டலிலிருந்து கழிந்தன.

கூட்டரசுத் தலைநகருக்குத் தனி நிர்வாகம் தேவை என்ற விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிர்வாகத்தைப் பிரிப்பதற்கு வாக்குரிமையைக் குறைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. டெல்லிக்கு 1993 முதல் சட்டமன்றம் இருக்கிறது. கோலாலம்பூருக்கு இன்றும் இல்லை. பிரிந்துபோன தலைநகரின் நினைவாகச் சிலாங்கூர் கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கட்டியது. பறிபோன வாக்குக்கு நினைவுச் சின்னம் ஏதும் எழவில்லை.

வரைபடம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும் என்று சொல்ல வரவில்லை. இந்தியர் உரிமை கோரிய 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணி கிளப்பிய அலையின் பின்னே, 2008இல் கோலாலம்பூர் வாக்குகள் இல்லாமலேயே சிலாங்கூர் எதிர்க்கட்சிகளின் கைக்குப் போனது: 56இல் 36.

2023 ஆகஸ்டு 12 முடிவு வேறு விதம். ஆளும் தரப்பான பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் சேர்ந்து 34, எதிரணியான பெரிக்காத்தான் நேசனல் 22. ஆளும் தரப்புக்குத் தாமான் மேடான் 30 வாக்குகளில் கைநழுவியது; கோம்பாக் செத்தியா 58இல்; சுங்கை கண்டிஸ் 167இல். மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) ஓரிடத்திலும் போட்டியிடாத தேர்தல் அது. இத்தகைய இடங்களில் "இந்தியர் வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கும்" என்ற வழக்கமான பேச்சு கிளம்பும். 30 வாக்கு வித்தியாசத்தில் இந்தியரும் தீர்மானித்தார்கள், ஆசிரியர்களும் தீர்மானித்தார்கள், வாக்களிக்கப் போகாமல் வீட்டில் இருந்தவர்களும் தீர்மானித்தார்கள். எல்லாருக்கும் பொருந்தும் பெருமையைக் காட்டி யாரும் பேரம் பேச முடியாது. கிள்ளானின் செந்தோசா தொகுதியில் தமிழர் வாக்குக்கு உள்ள கனம் வேறு; அது எண்ணிக்கையாலும் எல்லைக்கோட்டாலும் வந்தது. அந்தக் கோட்டை நகர்த்தினால் கனமும் நகரும்.

பழைய கிள்ளான் சாலையில் போனால் பிரிக்பீல்ட்ஸுக்கும் தாமான் மேடானுக்கும் தூரம் அதிகமில்லை. 2001இல் கம்போங் மேடான் மோதலில் ஆறு பேர் இறந்த வட்டாரம் தாமான் மேடான். இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர். அங்கே 2023இல் 30 வாக்குகளில் ஒரு முடிவு வந்தது, ஊர் அமைதியாக ஏற்றது. 1969ஐ வைத்துப் பார்த்தால் இது சிறிய செய்தியல்ல.

எஞ்சியிருப்பது அதிகாரத் தரப்பின் எதிர்வினை. தீபகற்பத்தின் தொகுதி எல்லைகள் கடைசியாக 2018இல் திருத்தப்பட்டன. அடுத்த மறுசீரமைப்புக்கு எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது அரசமைப்பு விதி. சிலாங்கூரில் புதிய சட்டமன்ற இடங்களைச் சேர்க்க மாநில அரசமைப்பைத் திருத்தியாக வேண்டும். அதற்கு 38 உறுப்பினர்கள் தேவை. 2023 தந்தது 34. குறைந்த நான்கில் மூன்று, மேற்சொன்ன மூன்று தொகுதிகளில் மொத்தம் 255 வாக்கு வித்தியாசத்தில் போனவை. எனவே இம்முறை எதிரணியின் கையெழுத்து இல்லாமல் இடங்களைக் கூட்ட முடியாது.