கட்டளையும் காவலும்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது பழமொழி. அது வயலுக்கு மட்டுமன்றித் தொலைபேசி நிலையத்துக்கும் பொருந்தும் என்பதைக் கிரேக்க நாட்டில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. அந்நாளில் இணைப்பைத் தந்ததும் துண்டித்ததும் பலகையின் முன் அமர்ந்திருந்த பணியாளரின் கைகளே. அவர் செய்வதை அருகிலிருப்போர் கண்ணால் காண முடிந்தது. பின்னர்க் கணினிகள் நிலையங்களை நடத்தத் தொடங்கியபோது கைவேலை கட்டளையாக மாறியது. ஒரு வரியைத் தட்டெழுதினால் ஓர் எண் உயிர்பெறும். இன்னொரு வரியால் அது அடங்கும். ஆகவே இரு காவல்கள் வேண்டியிருந்தன. இன்னார் இன்ன கட்டளையைத்தான் இடலாம் என்னும் வரையறை ஒன்று. இடப்பட்ட கட்டளைகளைக் குறித்து வைக்கும் பதிவேடு மற்றொன்று.

கட்டளைகளுள் மிகவும் அஞ்சத்தக்கது பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கச் செய்யும் கட்டளை. சட்டப்படி அனுமதி பெற்ற அதிகாரிகள் குற்றவாளிகளின் பேச்சைக் கேட்பதற்கெனத் தொலைபேசி நிலையங்களில் தனிப்பகுதி அமைப்பது பல நாடுகளின் வழக்கம். கிரேக்க நாட்டில் வோடஃபோன் நிறுவனத்தின் எரிக்சன் நிலையங்களுக்கு 2003இல் அப்பகுதி வந்து சேர்ந்தது. ஆனால் அதனை ஆண்டு, கணக்கு வைக்க உதவும் மேலாண்மை மென்பொருளை நிறுவனம் அப்போது வாங்கவில்லை. குதிரை வந்தது, கடிவாளம் வரவில்லை.

2004 ஆகஸ்ட் மாதம், ஏதென்ஸ் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கவிருந்த வேளையில், அந்நிலையங்களுக்குள் கள்ள நிரல் ஒன்று புகுத்தப்பட்டது. பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சு, அவர்கள் அறியாமலே வேறு கைப்பேசிகளுக்கும் சென்றது. நிலையத்தின் மென்பொருளில் 29 பகுதிகளை அந்நிரல் திருத்தியிருந்தது. அதன் சூழ்ச்சி எளியது. கட்டளையின் முடிவில் ஆறு வெற்றிடங்களைச் சேர்த்துத் தட்டினால், பதிவேடு எழுதுவதை நிறுத்தும்; எச்சரிக்கை மணியும் அடங்கும். அதன்பின் இடும் கட்டளைக்குச் சுவடே இராது.

இத்தகைய கள்ளத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு சிறு பிழை. 2005 ஜனவரி 24ஆம் நாள் கள்ள நிரலை அதன் உரியோர் புதுப்பித்தபோது குறுஞ்செய்திகள் சில உரிய இடம் சேரவில்லை. காரணத்தை ஆராய்ந்த எரிக்சன் வல்லுநர்கள் மார்ச் 4ஆம் நாள் உண்மையை நிறுவனத்துக்கு அறிவித்தனர். நிறுவனம் மார்ச் 8ஆம் நாள் நிரலை அகற்றிவிட்டது. கள்வர் விழித்துக் கொண்டனர். ஒட்டுக்கேட்ட கைப்பேசிகள் ஓய்ந்தன. நாட்டு மக்கள் செய்தியை அறிந்தது 2006 பிப்ரவரியில்தான்.

சான்றுகளும் நிலைக்கவில்லை. நிலையத்தின் பதிவுகள் ஐந்து நாள்களுக்கு மட்டுமே வைக்கப்பட்டன. வருகையாளர் ஏடுகள் வழக்கப்படி ஆறு மாதங்களில் அழிக்கப்பட்டன. கட்டளையிடுவோர் நுழையும் கணினிகளைப் புதுப்பித்தபோது அவற்றின் நுழைவுப் பதிவுகளும் மறைந்தன. 2006 டிசம்பரில் கிரேக்கத் தகவல்தொடர்பு மறைகாப்பு ஆணையம் நிறுவனத்துக்கு 7 கோடியே 60 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. பணத்தால் அந்த ஏடுகள் திரும்பி வருமா?

தேர்வு எழுதிய மாணவனிடமே மதிப்பெண் ஏட்டை ஒப்படைத்து வைக்கும் பள்ளி எங்கும் இல்லை. ஏதென்ஸில் நேர்ந்த குறையோ அத்தகையதே: கட்டளை பிறந்த இடத்திலேயே கட்டளையின் கணக்கும் இருந்தது, முன்னதைக் கைக்கொண்டவன் பின்னதையும் கைக்கொண்டான். யார் கட்டளையிடலாம் என்று வரையறுப்பது முதற் காவல். அவ்வாறு கட்டளையிடுவோரின் கை எட்டாத இடத்தில் பதிவேட்டை வைத்து, வேறொருவர் நாள்தோறும் அதனைப் படித்துப் பார்ப்பதே முடிவான காவல். வேலிக்கும் ஒரு காவலன் வேண்டும்.