இரக்கம் போதாது, உரிமை வேண்டும்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன். அண்டை வீட்டு அம்மையாரிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்பது அவன்மீது கூறப்பட்ட பழி. வயது வந்தவர் ஒருவர் இதைச் செய்திருந்தால், அந்நாளில் 50 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. சிறுவனுக்குக் கிடைத்ததோ, 21 வயதாகும்வரை அடைப்பு! ஆறு ஆண்டுகள்! "இது தண்டனையன்று, திருத்தம்" என்றனர்.

ஏன் இந்த விந்தை? வரலாற்றைப் புரட்டுவோம்.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குற்றமில்லை. 14 வயதைக் கடந்தவனோ பெரியவனுக்கு ஒப்பானவன். பெரியவர்களோடு ஒரே சிறையில் கிடந்தான். திருடக் கற்றவன் கொல்லக் கற்று வெளியே வந்தான். இக்கொடுமை கண்டு கொதித்த சீர்திருத்தவாதிகளின் முயற்சியால், 1899-இல் சிகாகோ நகரில் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் பிறந்தது. இந்தியாவில் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1920.

நோக்கம் நல்லதே, மறுப்பாரில்லை. "நீதிபதி தந்தை போன்றவர்" என்றனர். ஆனால், தந்தையின் முன் நிற்கும் மகனுக்கு வழக்குரைஞர் எதற்கு? சாட்சி எதற்கு? மேல்முறையீடு எதற்கு? இப்படித்தான் அன்பின் பெயரால் உரிமைகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.

அந்த அரிசோனாச் சிறுவனின் பெயர் ஜெரால்டு கால்ட். முன்னரே நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவன். 1964 சூன் 8-ஆம் நாள், பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்த வேளையில் பிடித்துச் செல்லப்பட்டான். வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கப்படவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், மகனைத் தேடி அலைய நேர்ந்தது. மறுநாள் நீதிபதியின் அறையிலேயே விசாரணை. குற்றம் சாட்டிய அம்மையார் வரவில்லை. சாட்சிகள் உறுதிமொழி எடுக்கவில்லை. பேசியதை எவரும் எழுதி வைக்கவில்லை. "எண்ணைச் சுழற்றியதே என் வேலை, பேசியவன் நண்பன்" என்று சிறுவன் கூறியதாகத் தாய் சொன்னார், அவன் ஒப்புக்கொண்டான் என்றார் அதிகாரி. எது உண்மை? ஏடில்லாத இடத்தில் எப்படி அறிவது? அந்த அம்மையாரை அழைக்கும்படி தாய் வேண்டினார். தேவையில்லை என்றார் நீதிபதி. மேல்முறையீட்டுக்கும் அம்மாநிலச் சட்டத்தில் வழியில்லை.

பெற்றோர் ஓயவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. 1967 மே 15-இல் நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் தீர்ப்பெழுதினார். குற்றச்சாட்டை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வழக்குரைஞர் துணை வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தனக்கு எதிராகத் தானே பேசும்படி சிறுவனை வற்புறுத்தலாகாது. சிறுவன் என்பதற்காக நீதி சுருங்கிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில்? 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். எனினும், 2012-இல் தில்லியில் நடந்த கொடுமை எழுப்பிய சீற்றத்தின் பின் வந்த அதே சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரைப் பெரியவராக விசாரிக்கவும் வழி திறந்தது. பாதிக்கப்பட்டோரின் கண்ணீர் பொய்யன்று. அதற்கு நீதி வேண்டும். ஆனால், சீற்றம் சாட்சியாகாது, மெய்ப்பித்தல் வேண்டும்.

தோழர்களே! ஆசிரியர்களாகிய நாமும் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். வகுப்பில் பேனா காணாமற் போனால் நம் கண் முதலில் யாரை நாடுகிறது? கிழிந்த சட்டைக்காரனையே அன்றோ! விசாரணைக்கு முன்பே தீர்ப்பு! அவன் வாய் திறப்பதற்குள் பிரம்பு பேசிவிடுகிறது. பிறகு அழைத்து அணைத்து அறிவுரை கூறுகிறோம். அதற்குக் கருணை என்று பெயரும் சூட்டுகிறோம்.

கருணை, கொடுப்பவன் மனம்போல் மாறும், உரிமை மாறாது. "என்மீது என்ன பழி? யார் கண்டது? எனக்காகப் பேசுவது யார்?" இம்மூன்று கேள்விகளையும் அஞ்சாமல் கேட்கும் துணிவை நம் சிறுவர்க்கு ஊட்டுவோம். கேட்கும்போது விடை சொல்லும் நேர்மையை நாம் பெறுவோம்!