எதிராளியை இழக்க விரும்பாத போட்டி: கிரேக்கர்களின் 'அகோன்'

பண்டைய கிரேக்க மொழியில் 'அகோன்' என்ற சொல் முதலில் மக்கள் திரளையே குறித்தது. பின்னர் அத்திரளின் முன்னிலையில் நடைபெறும் போட்டிக்கு அது பெயராயிற்று.

மரபுப்படி கிமு 776இல் தொடங்கிய ஒலிம்பிக் ஓட்டப்பந்தயமே இதன் பரவலாக அறியப்பட்ட வடிவம். ஆனால் ஏதென்ஸில் நீதிமன்ற வழக்கும் அகோன்தான், நாடகமும் அவ்வாறே. டயோனிசஸ் திருவிழாவில் துன்பியல் நாடகாசிரியர்கள் மூவர் பரிசுக்காக மோதினர். இன்று அக்கலையின் சிகரமாகப் போற்றப்படும் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' அங்கு முதற்பரிசைப் பெறவில்லை என்பது வியப்புக்குரியது.

இரு வகைப் போட்டி உணர்வுகள் உண்டு என்று கிமு 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த கவிஞர் ஹெசியட் கருதினார். ஒன்று போரை வளர்ப்பது. மற்றொன்று, அண்டை வீட்டாரின் செழிப்பைக் கண்டு சோம்பேறியையும் உழைக்கத் தூண்டுவது.

இந்த வேறுபாட்டை ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே 1872இல் எழுதிய 'ஹோமரின் போட்டி' என்ற சிறு கட்டுரையில் மீட்டெடுத்தார். கிமு ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில், மட்பாண்டச் சில்லுகளில் பெயர் பொறித்து ஒருவரைப் பத்தாண்டுகளுக்கு நாடுகடத்தும் வழக்கம் இருந்தது. அதற்குக் குறைந்தது 6,000 சில்லுகள் தேவைப்பட்டன. நாடுகடத்தப்பட்டவர் சொத்தை இழக்கவில்லை. ஒருவர் மட்டும் நிகரின்றி உயர்ந்துவிட்டால் போட்டியே நின்றுவிடும் என்ற அச்சமே இவ்வழக்கத்தின் மூல நோக்கம் என்றார் நீட்சே. கொடுங்கோலாட்சியைத் தடுப்பதும், தலைவர்களிடையேயான மோதலைத் தணிப்பதுமே காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரது விளக்கம். அதுவே கூடுதல் பொருத்தமாகத் தோன்றினாலும், எதிராளி இல்லாத வெற்றியில் பொருளில்லை என்ற நீட்சேயின் கருத்து நிலைத்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் பல துறைகளுக்குச் சென்றது. பிரெஞ்சு அறிஞர் ரோஜே காயுவா 1958இல் விளையாட்டுகளை நான்காக வகுத்தபோது, போட்டி விளையாட்டுகளுக்கு இப்பெயரைச் சூட்டினார். மருந்தியலில், உயிரணு ஏற்பியைத் தூண்டும் மார்ஃபின் 'அகோனிஸ்ட்'. அதனைத் தடுக்கும் நலோக்சோன் 'ஆன்டகோனிஸ்ட்'.

எனினும் அரசியலில்தான் இதன் பயன்பாடு கூர்மையானது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கோட்பாட்டாளர் ஷாந்தால் மூஃப், 2000இல் வெளியான 'ஜனநாயக முரண்பாடு' என்ற நூலில், அழிக்கப்பட வேண்டிய பகைவரையும் எதிர்க்கப்பட வேண்டிய எதிராளியையும் வேறுபடுத்துகிறார். கருத்து மோதலை மூடிமறைத்து இணக்கத்தை மட்டும் வலியுறுத்தும் ஜனநாயகத்தில், அடக்கப்பட்ட மோதல் இன, மத வெறியாக வெளிப்படக்கூடும் என்பது அவரது வாதம். முதலாவது உறவைப் பகைமை என்றும், இரண்டாவதை அகோனிலிருந்து பிறந்த சொல்லாலும் அவர் குறிக்கிறார்.

ஆனால் களத்தில் இறங்கத் தகுதியுடையவர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒலிம்பியாவில் அடிமைகளும் பெண்களும் ஓட அனுமதிக்கப்படவில்லை. மூஃபும் ஓர் எல்லையை வகுக்கிறார்: சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றின் பொருள் குறித்து எவ்வளவு கடுமையாக முரண்பட்டாலும், அவ்விரண்டையும் ஏற்பவர்களே எதிராளிகள்.